புதினத்தாளின் தேய்வும் ஊரின் சாட்சியும்

தோற்றுவாய்

ஒரு சமுதாயம் தன்னைத்தான் அறிந்துகொள்ளும் வாயில்கள் பல. கோயில் வீதியும், சந்தையும், பாடசாலையும், நீதிமன்றமும் அத்தகைய வாயில்களாம். கடந்த ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக, ஈழத்துத் தமிழ்பேசும் மக்களுக்கு இவற்றோடு ஒருங்குவைத்து எண்ணத்தக்க மற்றொரு வாயிலாக விளங்கியது புதினத்தாள். அவ்வாயில் இப்பொழுது மெல்லமெல்ல ஒடுங்கி வருகின்றது. அவ்வொடுக்கத்தின் காரணம் யாது, அதனால் சமுதாயம் இழப்பது யாது, சிறப்பாகத் துறைமுகத்தை நடுவாகக் கொண்ட எமது திருகோணமலை மாவட்டம் இழப்பது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாசிகசாலைகளில் இருந்து பழகியோர்க்கு ஒரு காட்சி நினைவில் நிற்கும். நீண்ட மேசையொன்றின்மேல் அன்றைய தாள் விரிந்து கிடக்கும். முற்பக்கம் ஒருவர் கையிலும், விளையாட்டுப் பக்கம் ஓர் இளைஞன் கையிலும், மரண அறிவித்தற் பக்கம் முதியவர் ஒருவர் கையிலுமாக ஒரே தாளை நால்வர் பகுத்து வாசிப்பர். கண்ணொளி மங்கியவர்க்காக மாணவனொருவன் உரக்கப் படிப்பான். படித்த செய்தி பற்றி வழக்கெழும். வழக்கு மூப்பின் மறுநாட் தாள் வரும்வரை அது நீளும். அம்மேசைகள் சிலவிடங்களில் இன்றுமுள. அவற்றைச் சூழ்ந்திருந்தோர் குறைந்துவிட்டனர். அவரவர் கையிலுள்ள கைப்பேசி அவரவர்க்குரிய செய்தியை அவரவர்க்கு மட்டும் காட்டுகின்றது.

அச்சின் வரவும் எமது மாவட்டமும்

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகையின் வரலாறு 1841ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலே தோன்றிய 'உதயதாரகை'யுடன் தொடங்குகின்றது. அமெரிக்க மிஷனரிமார் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்ட அவ்விதழுக்கு ஆசிரியராயிருந்தோர் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்னுந் தமிழர் இருவராவர். 1882இல் சித்திலெப்பை அவர்கள் 'முஸ்லிம் நேசன்' என்னுந் தமிழிதழைத் தோற்றுவித்தார். சைவ பரிபாலன சபையார் 1889இல் 'இந்துசாதன'த்தை வெளியிடலாயினர். சமயப் பிரசாரமும் அதற்கு மறுப்புமாகத் தொடங்கிய அச்சுப்பணி, காலப்போக்கில் சமயவெல்லையைக் கடந்து பொதுமக்களின் அரசியலுக்கும் வாழ்வுக்கும் உரியதாயிற்று. 1930 ஆகஸ்ட் 6ஆந் திகதி கொழும்பில் 'வீரகேசரி'யும், 1932 மார்ச் 15ஆந் திகதி 'தினகர'னும் பிறந்தன. 1959இல் யாழ்ப்பாணத்திலே தோன்றிய 'ஈழநாடு', தலைநகர்க்கு வெளியேயும் ஒரு நாளிதழ் நிலைபெற முடியும் என்பதைக் காட்டியது.

எமது மாவட்டத்துக்கும் அச்சுக்குமுள்ள உறவு புதியதன்று. 1891இல் 'ஊசோன்பாலந்தை கதை'யை இயற்றிய இன்னாசித்தம்பியும், 1895இல் 'மோகனாங்கி' என்னும் வரலாற்று நாவலைத் தந்த சரவணமுத்துப்பிள்ளையும் திருகோணமலையாரே. எனினும் நாடோறும் வெளிவந்து நிலைத்த இதழைப் பொறுத்தவரையில், எமது மாவட்டம் பெரும்பாலும் பிறவூர் அச்சிலேயே தன் முகத்தைக் கண்டது. கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. அங்கே இரவில் அச்சேறிய தாள்கள், 1920களில் அமைந்த இருப்புப்பாதை வழியாகவும் பின்னர் மோட்டார் வண்டிகளிலும் கோணைநகரை வந்தடைந்து, அங்கிருந்து கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், குச்சவெளி என்னுமிடங்களுக்குப் பிரிந்து சென்றன.

தாள் வெளியூரினின்று வந்ததாயினும், அதனுட் கிடந்த திருகோணமலைச் செய்தி உள்ளூரிலேயே பிறந்தது. அதனைப் பிறப்பித்தவர் பிரதேச நிருபர். அவர் பெரும்பாலும் முழுநேர ஊழியரல்லர். ஆசிரியராகவோ, எழுதுவினைஞராகவோ, சிறு வணிகராகவோ வாழ்ந்துகொண்டு, நகரசபைக் கூட்டத்துக்கும் நீதிமன்றத்துக்கும் வைத்தியசாலைக்கும் சென்றுவந்து எழுதியனுப்புவார். வரிக்கணக்கில் அவர்க்குக் கிடைக்கும் ஊதியம் சிறிது. பெறும் பகையோ பெரிது. பத்திரிகையென்னும் பெருமரத்தின் மண்ணுள் மறைந்த வேர் இவரே. மரம் வாடும்போது முதலில் வாடுவதும் இவ்வேரே என்பதனை மேலே காண்போம்.

தேய்வின் காரணங்கள்

பத்திரிகைகள் தேய்வது மக்கள் வாசிப்பை வெறுத்ததனால் என்று பலர் கூறுவர். அஃது அரைகுறை உண்மையே. நாளிதழ் ஒன்று இரு கால்களில் நிற்பது. ஒன்று விற்பனை, மற்றது விளம்பரம். வாசகர் கொடுக்கும் விலை, அச்சுக்கும் தாளுக்கும் போக்குவரத்துக்குமே போதாத அளவினது. எஞ்சிய செலவை விளம்பரமே தாங்கியது. வேலை வெற்றிடம், காணி விற்பனை, மணமகள் தேவை, அரச கேள்விப்பத்திரம் ஆகியன சிறுசிறு பெட்டிகளாய் நின்று நிருபரின் சம்பளத்தைச் சுமந்தன. தமிழ்ப் பத்திரிகைகளில் மரண அறிவித்தலுக்கென்று தனிச்சிறப்புண்டு. உறவினர் பல ஊர்களிலும் பின்னர் பல நாடுகளிலும் சிதறி வாழும் சமுதாயத்தில், ஓர் இறப்பை அனைவர்க்கும் ஒருங்கே அறிவிக்கும் கருவி அதுவாகவே இருந்தது. இணையம் பரவியபின் அவ்வறிவித்தல்கள் இணையத்தளங்களுக்கும் வட்ஸ்அப் குழுக்களுக்கும் குடிபெயர்ந்தன. காணியும் வேலையும் மணமும் அவ்வழியே சென்றன. வாசகர் தாளைக் கைவிடுமுன்னரே விளம்பரம் கைவிடத் தொடங்கிற்று என்பது நுணுகி நோக்குவார்க்குப் புலனாகும்.

எமது நாட்டில் இதனோடு வேறு துன்பங்களும் சேர்ந்தன. 1981 ஜூன் முதலாந் திகதி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்த அதே இரவில் 'ஈழநாடு' பணிமனையும் எரியூட்டப்பெற்றது. போர்க்காலத்தில் அச்சுத்தாளே கிடைத்தற்கரிய பொருளாயிற்று. 2006 ஆகஸ்டில் ஏ9 நெடுஞ்சாலை மூடப்பட்டபின் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் தாளின்றித் தம் பக்கங்களைச் சுருக்கி வெளிவந்தன. போர் ஓய்ந்தபின் வந்தது நோய். 2020 மார்ச் 20ஆந் திகதி தொடங்கிய ஊரடங்கின்போது தாள்களை வீடுகளுக்குச் சேர்ப்பது தடைப்பட்டது. நாடோறும் காலையில் தாளெடுக்கும் பழக்கம், பல்லாண்டு முயன்று பெற்ற பழக்கம், சில வாரங்களிற் குலைந்தது. குலைந்த பழக்கம் பல வீடுகளில் மீளவேயில்லை.

நோயின்பின் வந்தது பொருளாதார வீழ்ச்சி. பத்திரிகைத் தாள் இறக்குமதிப் பண்டம். எமது மாகாணத்திலேயே 1950களில் வாழைச்சேனையிற் கடதாசி ஆலை நிறுவப்பட்டபோதும், பத்திரிகைத் தாளுக்குப் பிறநாட்டை எதிர்நோக்கும் நிலை நீங்கவில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற அமெரிக்க டொலரின் பெறுமதி, மே மாதத்துக்குள் 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. தாள் வாங்கப் பணமும் இல்லை, பணமிருப்பினும் டொலர் இல்லை என்னும் நிலை உண்டாயிற்று. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் 'தி ஐலண்ட்' என்னும் ஆங்கில நாளிதழும் அதன் உடன்பிறப்பான 'திவயின' என்னுஞ் சிங்கள நாளிதழும், தாட் பஞ்சத்தினால் இணையத்தில் மட்டுமே கிடைக்கும் என்று அறிவித்தன. வேறு பல இதழ்கள் பக்கங்களைக் குறைத்தன, விலையைக் கூட்டின. அதே தாட் பஞ்சத்தினால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டமை ஆசிரியர்களுக்கு நினைவிருக்கும்.

பக்கம் குறையுங்கால் எப்பக்கம் முதலிற் குறைகின்றது? தலைநகர் அரசியல் குறைவதில்லை. திரைப்படச் செய்தியும் குறைவதில்லை. குறைவது பிரதேசச் செய்திப் பக்கம். கிண்ணியாவின் வீதியும் வெருகலின் வெள்ளமும் இருந்த இடம் அது. செலவைச் சுருக்குவோர் கையில் முதலில் அகப்படுபவரும் பிரதேச நிருபரே. வேர் வாடுதல் என்று மேலே கூறியது இதனையே.

சாட்சியின் பெறுமதி

நிற்க. செய்தி குறைந்துவிட்டதா என வினவின், இல்லையென்றே கூறவேண்டும். செய்தி முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் பெருகியுள்ளது. ஆயின் செய்தி வேறு, சாட்சி வேறு. நிகழ்ச்சி நடந்தவிடத்துக்குத் தானே சென்று, கண்டதைத் தன் பொறுப்பில் எழுதி, அதற்காக வினவப்படுங்கால் விடையிறுக்கக் கடமைப்பட்ட ஒருவனே சாட்சி. இவ்வேறுபாட்டை எமது நகரின் வரலாறே எமக்குக் கற்பித்துள்ளது.

2006 ஜனவரி 2ஆந் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர் கொல்லப்பட்டனர். அவர்கள் தாம் கொண்டுசென்ற கைக்குண்டு வெடித்து இறந்தனர் என்று படைத்தரப்பினர் முதலிற் கூறினர். அக்கூற்றுக்கு மாறாக எதிர்நின்றவை சில ஒளிப்படங்கள். அக்காலத்தில் கொழும்பிலிருந்து வெளிவந்த 'சுடர் ஒளி' நாளிதழின் பிரதேச நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் அவை. இறந்த மாணவரின் தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்தமையை அவை காட்டின. நாளிதழ் அவற்றை அச்சிட்டது. கைக்குண்டுக் கதை அத்துடன் நிலைகுலைந்தது. மூன்று வாரம் கழிந்து, ஜனவரி 24ஆந் திகதி காலை, திருகோணமலை நகரிலேயே சுகிர்தராஜன் சுட்டுக்கொல்லப்பட்டார். அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

மாணவர் கொலை வழக்கின் பிற்கதையும் கூறத்தக்கது. 2006இல் நியமிக்கப்பெற்ற உடலகம ஆணைக்குழு அதனை விசாரித்தது. ஆயினும் அதன் அறிக்கை 2015ஆம் ஆண்டிலேயே வெளியிடப்பட்டது. 2013இல் விசேட அதிரடிப்படையினர் பன்னிருவரும் பொலிஸ் அதிகாரி ஒருவரும் கைதாயினர். சான்று போதாமையின் 2019 ஜூலையில் நீதவான் நீதிமன்றம் பதின்மூவரையும் விடுவித்தது. மன்றத்தில் நீதி கிட்டவில்லை. எனினும் அன்று நடந்தது யாது என்பதனை இன்று எவரும் கைக்குண்டு விபத்தென்று கூறத் துணியார். அதற்குக் காரணம், ஒருவர் சென்று கண்டமையும், கண்டதை ஒரு நிறுவனம் தன் பெயரில் அச்சிட்டமையுமேயாம்.

இதே படங்கள் பெயரற்ற ஒரு கைப்பேசியினின்று பிறந்து, பெயரற்ற பல கைப்பேசிகளில் பரவியிருப்பின் என்னாகும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். 'இது வேறு நாட்டுப் படம்' என்பார் ஒருவர். 'இது செய்யப்பெற்ற படம்' என்பார் மற்றொருவர். படத்தைச் செயற்கையாகப் புனைதல் எளிதாகிவிட்ட இக்காலத்தில் அவ்வையம் மேலும் வலுப்பெறும். அச்சிட்ட தாளிலோ திகதியுண்டு, வெளியிட்டோர் பெயருண்டு, முகவரியுண்டு, வழக்குத் தொடுப்பார்க்கு நீதிமன்றமுண்டு. பொய்யெனக் காட்டப்படின் அந்நிறுவனம் நாணமும் நட்டமும் அடையும். அடையக்கூடிய நட்டமே சொல்லுக்குப் பிணை. பிணையுள்ள சொல்லையே சாட்சி என்கின்றோம்.

உடனொத்த பணியில் உயிர்நீத்த பிறரையும் ஈண்டு நினைத்தல் தகும். 2000 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜனும், 2004 மேயில் மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசனும் கொல்லப்பட்டனர். இருவரும் தத்தம் ஊரிலிருந்தே ஊரை எழுதியவர்கள். ஊரின் சாட்சிக்கு எத்துணை விலை கொடுக்கப்பட்டதென்பதை உணர்ந்தால், அச்சாட்சி இப்பொழுது ஓசையின்றி, ஒரு கணக்கேட்டின் வரியில், தேய்வதன் துயரம் விளங்கும்.

காவற்கண்

கொடுமைகள் நிகழும் காலத்துக்கு மட்டுமன்றி, அமைதிக் காலத்துக்கும் இக்கண் வேண்டப்படுவதே. 2021 நவம்பர் 23ஆந் திகதி கிண்ணியாக் குறிஞ்சாக்கேணியில், பாடசாலை மாணவரையும் ஏற்றிச்சென்ற படகுப்பாதை கவிழ்ந்து அன்றே ஆறுபேர் உயிரிழந்தனர். பாலம் திருத்தப்பெற்றுக் கொண்டிருந்தமையால், மக்கள் அப்படகுப்பாதையை நம்பிக் களப்பைக் கடந்து வந்தனர். விபத்தின்பின் அச்செய்தி நாடெங்கும் ஒரு நொடியிற் பரவியது. ஆயின் ஊருக்கு வேண்டியது விபத்தின்பின் வரும் செய்தியினும் விபத்தின்முன் எழும் வினாவாகும். பாலம் எப்போது முடியும்? படகுப்பாதைக்கு அனுமதி வழங்கியவர் யார்? உயிர்காப்பு அங்கி உண்டா? எத்தனை பேர் ஏறலாம்? இவ்வினாக்களில் பரபரப்பில்லை. அவற்றைக் கேட்டு எழுதுவதற்கு, அவ்வூரிலே இருந்து, வாரந்தோறும் அலுவலகப் படியேறும் ஒருவர் வேண்டும். அவர் இருக்குமிடத்தில் அதிகாரிகள் சற்று விழிப்போடிருப்பர் என்பது உலகியல்.

எமது துறைமுகத்தைப் பற்றிய பெருஞ்செய்திகளுக்குக் குறைவில்லை. 1957 ஒக்டோபரில் பிரித்தானியர் கடற்றளத்தைக் கையளித்த நாள்தொட்டு, உலகின் கண் இத்துறைமீது இருந்துகொண்டேயுள்ளது. 2022 ஜனவரியில் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் 99இல் 61 தாங்கிகளை இலங்கையும் இந்தியாவும் கூட்டாக அபிவிருத்தி செய்ய உடன்பட்டபோது, கொழும்பிலும் புதுடில்லியிலும் பக்கம் பக்கமாக எழுதினர். ஆயின் அத்துறையின் கரையில் வலைவீசி வாழ்வோர் கூறுவது யாது, காணி யார் கையிலிருந்து யார் கைக்குச் செல்கின்றது என்பவற்றைத் தொலைவிலிருப்போர் எழுதார். பெருந்துறைமுகம் உள்ள ஊருக்கு வெளியுலகு பற்றிய செய்தி தானே வந்துசேரும். தன்னைப் பற்றிய செய்தியைத் தானே தேடிக்கொள்ளல் வேண்டும்.

பிறநாட்டு ஆராய்ச்சிகளும் இதனை வலியுறுத்துகின்றன. அமெரிக்காவில் 27,000 பிரதிகள் விற்ற 'சின்சினாட்டி போஸ்ட்' என்னும் இதழ் 2007 டிசம்பர் 31ஆந் திகதியுடன் நின்றது. அதன்பின் அவ்விதழ் உலவிய புறநகர்களில், உள்ளூர்த் தேர்தல்களிற் போட்டியிடுவோர் குறைந்தனரென்றும், பதவியிலிருந்தோரே மீளவும் வெல்லுதல் கூடிற்றென்றும், வாக்களிப்பு வீழ்ந்ததென்றும் பொருளியலாளர் இருவர் கண்டனர். ஓரிதழை மட்டும் நோக்கிய ஆய்வாதலின் முடிந்த முடிபாகக் கொள்ளற்க என அவர்களே எச்சரித்துமுள்ளனர். பின்னர் பல ஊர்களை ஒருங்குவைத்து நோக்கிய மற்றோர் ஆய்வு, உள்ளூர்ப் பத்திரிகை மூடப்பட்ட இடங்களில் உள்ளூராட்சிச் சபைகள் பெறுங் கடனின் வட்டி 0.05 முதல் 0.11 சதவீதப் புள்ளிவரை உயர்ந்தமையைக் காட்டியது. காண்பாரில்லாத சபைக்குக் கடன் கொடுக்க அஞ்சிக் கூடிய வட்டி கேட்கின்றனர் என்பது அதன் கருத்து. அவ்வட்டியை இறுப்போர் அவ்வூர் மக்களே. பத்திரிகைக்குக் கொடாத காசை அவர் வேறுவழியிற் கொடுக்கின்றனர்.

வதந்தியும் ஆராய்வும்

எமது மாவட்டத்தின் மக்கட்டொகை 2012ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி ஏறக்குறைய 3 இலட்சத்து 80 ஆயிரம். அதில் ஐந்திலிரு பங்கினர் முஸ்லிம்கள். மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் குறைந்தோர் தமிழர். நான்கிலொரு பங்குக்குச் சற்றுக் கூடியோர் சிங்களவர். மூவினமும் அருகருகே வாழும் இத்தகைய நிலத்தில், ஆராயாது பரவும் ஒரு சொல் தீப்பொறி போன்றது.

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில், முஸ்லிம் உணவகம் ஒன்றில் மலட்டுத்தன்மையை உண்டாக்கும் மாத்திரை உணவிற் கலக்கப்படுகின்றதென்று வதந்தி கிளம்பிற்று. அத்தகைய மாத்திரை மருத்துவவுலகில் இல்லை. இருந்தும் கைப்பேசிகள் வாயிலாக அது பரவியது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அடுத்த மாதம் கண்டி மாவட்டத்தில் வன்முறை வெடித்தபோது அரசு சமூக ஊடகங்களைச் சில நாள் தடைசெய்யவேண்டியதாயிற்று. முகநூல் நிறுவனமும் தன் தளம் தவறாகப் பயன்பட்டமைக்கு 2020இல் வருத்தந் தெரிவித்தது. ஒழுங்குடைய ஒரு செய்தியறையில் அவ்வதந்தி வந்திருப்பின், உதவியாசிரியர் ஒருவர் மருத்துவரொருவரை அழைத்து ஒரேயொரு வினா வினவியிருப்பார். வதந்தி அவ்விடத்திலேயே மடிந்திருக்கும்.

திருவள்ளுவர் ஒற்றாடல் என்னும் அதிகாரத்தில், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஆராய்ந்து கொள்ளல்வேண்டும் என்றும், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தவிடத்தே நம்புதல் தகும் என்றும் அரசனுக்கு நெறி வகுத்தார். மக்களே அரசராகிய இக்காலத்தில் அந்நெறியை மக்கள் சார்பிற் கைக்கொண்டவன் பத்திராதிபன். அவன் நீங்கியபின் அக்கடமை ஒவ்வொரு வாசகன் தலையிலும் விழுந்திருக்கின்றது. அதற்கேற்ற பயிற்சியை அவனுக்கு நாம் அளித்தோமா என்பதே கேள்வி.

இவ்விடத்து நடுவுநிலை பிறழாது ஒன்று கூறல்வேண்டும். அச்சிடப்பட்டதனால் மட்டும் ஒரு கூற்று மெய்யாகிவிடாது. 2019 மேயில் சிங்கள நாளிதழொன்று, முஸ்லிம் மருத்துவரொருவர் ஆயிரக்கணக்கான பெண்களை மலடாக்கினாரென்று தன் முற்பக்கத்தில் எழுதிற்று. அவர் கைதானார், புலனாய்வாளரோ அதற்குச் சான்றில்லையென்று மன்றிற் கூறினர். எமது தமிழ்ப் பத்திரிகைகளும் கட்சிச் சார்பு, ஊர்ச் சார்பு, அச்சம் என்னுங் குற்றங்களினின்று முற்றும் நீங்கியனவல்ல. 'தினகர'னை வெளியிட்ட நிறுவனம் 1973இல் அரசின் ஆளுகைக்குட்பட்டமையும் அறிந்ததே. ஆயினும் தாளில் எழுதப்பட்ட பொய்யை எழுதினார் யார் என்று இன்றுஞ் சுட்டிக்காட்ட முடிகின்றது. அம்பாறை வதந்தியைத் தொடக்கியவர் இவரென்று சுட்ட எத்தனை பேரால் இயலும்? தவறுதல் இருபாலும் உண்டு. தவறினாரைத் தெரிந்து வினவுதல் ஒருபாலே எளிது.

மொழியும் நினைவும்

தமிழாசிரியர் என்னும் முறையிற் கூறவேண்டிய இழப்பொன்றும் உண்டு. பாடநூலுக்கு வெளியே பிழையற்ற உரைநடையை மாணவன் நாடோறுங் கண்ட இடம் புதினத்தாள். வடை சுற்றிய தாட்டுண்டையும் விரித்துப் படித்துச் சொல்வளம் பெற்றோர் நம்முட் பலர். பேராசிரியர் கைலாசபதி 1959 முதல் 1961 வரை 'தினகரன்' ஆசிரியராக இருந்தபோது ஈழத்து எழுத்தாளர்க்கு அவ்விதழின் பக்கங்களைத் திறந்துவிட்டார். மூதூர் வ. அ. இராசரத்தினம் போன்றோரின் எழுத்து வாசகரை அடைந்ததும் பத்திரிகைகளின் துணையாலேயாம். கொட்டியாரக் குடாவின் மாந்தரையும் அவர்தம் வாழ்வையும் யாழ்ப்பாணத்தாரும் மலையகத்தாரும் அவ்வழியே அறிந்தனர்.

நினைவைக் காப்பதிலும் தாளுக்குத் தனியிடமுண்டு. அச்சிட்ட இதழின் பிரதி சட்டப்படி தேசிய சுவடிக்கூடத்துக்குச் சேர்கின்றது. நூற்றாண்டு கழிந்தும் ஆராய்ச்சியாளன் அதனைப் புரட்டலாம். கைப்பேசியில் இன்று கண்ட செய்தியை அடுத்த ஆண்டு தேடினால், தளம் மறைந்திருக்கும்; அன்றிச் செய்தி திருத்தப்பட்டிருக்கும்; திருத்தியமைக்கு அடையாளமும் இராது. எனினும் புதிய கருவியையே பழைய தாளுக்குக் காவலாக்கியோரும் உளர். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம், எரிந்தும் செல்லரித்தும் போகாது எஞ்சிய ஈழத்து இதழ்களை எவரும் வாசிக்குமாறு இணையத்திலேற்றி வருகின்றது. இணையம் தன்னளவிற் பகைப்பொருளன்று என்பதற்கு இதுவே சான்று. போர்க்காலத்தில் தாள் புகமுடியாத இடங்களினின்றும் செய்தி வெளியே சென்றது அதனாலேயே. கடல்கடந்து வாழும் எம் பழைய மாணவர் ஊர்ச்செய்தியை அக்கணமே அறிவதும் அதனாலேயே.

செய்யத்தக்கவை

ஆதலின் தாள் வாழ்க, திரை வீழ்க என்று முழங்குதல் அறிவுடைமையன்று. ஏட்டுச்சுவடியினின்று அச்சுக்கு மாறியபோது தமிழ் அழியவில்லை. அச்சினின்று திரைக்கு மாறினாலும் அழியாது. காக்கவேண்டியது தாளை ஆண்ட ஒழுங்கை. சென்று காண்டல், இருபுறமும் வினவல், பெயரிட்டு எழுதல், தவறின் திருத்தல் என்னும் நான்குமே அவ்வொழுங்காம். இந்நான்கும் உள்ள இணைய இதழ் பத்திரிகையே. இவையில்லாத தாள் வெறுங் கடதாசியே.

இவ்வொழுங்கைப் பேண எமது மாவட்டத்தில் இயலுவன சிலவுள. முதலாவது, வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் பாடசாலை நூலகங்களும் தாம் எடுக்கும் பத்திரிகைகளை நிறுத்தாது எடுத்தல். எடுத்தவற்றைப் பழங்கடைக்கு விற்காது ஆண்டுவாரியாகக் கட்டிவைத்தல். இரண்டாவது, மேல்வகுப்பு மாணவரைக் கொண்டு சுவர்ப் பத்திரிகை நடத்துதல். அதில் வெளியிதழ்ச் செய்தியைப் பெயர்த்தெழுதாது, நகரசபைக் கூட்டமொன்றுக்கு நேரிற் சென்று கண்டதை எழுதப் பழக்குதல்வேண்டும். மூன்றாவது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தக் கற்றல். பாலம் எப்போது முடியும் என்னும் வினாவை எழுத்திற் கேட்டு எழுத்தில் விடைபெறும் உரிமையை அச்சட்டம் குடிமகன் ஒவ்வொருவர்க்கும் தந்துள்ளது. நான்காவது, இயன்றோர், சிறப்பாகப் பிறநாட்டில் வாழும் பழைய மாணவர், ஊர்ச்செய்தியை இலவசமாகப் பெறும் வழக்கத்தை விடுத்து, ஊரிலிருந்து உழைத்தெழுதும் ஒருவர்க்கு ஊதியம் கிடைக்குமாறு சந்தா செலுத்துதல். கோயிற் றிருப்பணிக்கு வாரி வழங்குங் கை, ஊர்க்கண்ணைக் காக்கும் இப்பணிக்கும் சிறிது நீளுமாயின் அஃது அறத்தின் பாற்பட்டதேயாம்.

முடிவுரை

பத்திரிகை தேயும்போது எழுவது ஓசையல்ல, அமைதி. சபைக் கூட்டம் நடக்கும், எழுதுவாரில்லை. வழக்கு நடக்கும், கேட்பாரில்லை. காணி கைமாறும், அறிவாரில்லை. இவ்வமைதியை நலமென்று மயங்குதல் கூடாது. 2006ஆம் ஆண்டு ஜனவரியில் இந்நகரிலே ஒருவர் தம் படக்கருவியோடு சென்று, எல்லோரும் காணத் தயங்கியதைக் கண்டார். அவர் கண்டதனாலே நாம் அறிந்தோம். அவர்க்குப் பின்னும் காண்பாரொருவர் இம்மாவட்டத்தில் இருத்தல்வேண்டும். அவர் எழுதுவது தாளிலாயினுமாக, திரையிலாயினுமாக. இக்கல்லூரியினின்று வெளியேறும் மாணவருள் ஒருவரேனும் அப்பணியை விரும்பி ஏற்பராயின், வாசிகசாலை மேசையில் ஒரு காலத்தில் உரக்க வாசித்தோர் குரல் வீண்போகவில்லை என்று நாம் ஆறுதலடையலாம்.